இரைகிற கையில் இறுகிய கயிறு

போன வெள்ளிக்கிழமை என் புருஷனின் தங்கச்சி வந்தா. ஒரு கையில் இனிப்பு வட்டிலாப்பச் சட்டி. மற்றக் கையில் இசிம் — பள்ளிவாசல் லெப்பை ஓதித் தந்த தகட்டைச் சுருட்டிக் கறுப்பு நூலில் கோத்தது.

"மருமகன் செத்துப் பிழைச்ச புள்ள மச்சி. கண்ணூறு பட்டிரும்!"

என் மகனுக்கு அதைக் கட்டினது எந்தக் கையில்? நோய்க் கையில்தான்... இடது கையில்!

அந்தக் கையைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். என் மகன் ரஃபீக்கின் கிட்னி இரண்டும் பழுதானபோது, மெஷினில் இரத்தம் கழுவுவதற்காக, கொழும்பில் அவன் மணிக்கட்டில் இரண்டு இரத்த நரம்பைச் சேர்த்துத் தைத்தார்கள். பிறகு என் மூத்த மகள், அவன் ராத்தா, தன் கிட்னி ஒன்றைக் கொடுத்தாள். மெஷின் போய்விட்டது, தைத்த நரம்பு இருக்கிறது. விரல் வைத்தால் வண்டு மாதிரி இரையும். புதுக் கிட்னி என்றைக்காவது களைத்துப்போனால், மெஷினுக்குத் திரும்ப அதுதான் பாதை.

எனக்குத்தான் எழுத்துத் தெரியாதே... நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது அந்த ராத்தாதான்.

"என்னப் பத்தி வேணாம் உம்மா."

"எழுதுகா! மருதமுனை ஊரே கதைக்குது, உனக்கு மட்டும் என்ன வெட்கம்?"

எங்கே விட்டேன்? ஓம், கயிறு.

விடிய சுபஹு தொழுதுவிட்டு அவன் கையைத் தொட்டுப் பார்ப்பது என் வழக்கம். சனிக்கிழமையும் தொட்டேன் — இரைச்சல் இல்லை! கை வீங்கி, நூல் சதைக்குள் புதைந்து கிடந்தது. வெட்டி எறிந்தேன். அப்போதும் வண்டு வாய் திறக்கவில்லை.

ரஃபீக் அழுதே விட்டான். "ராத்தா தந்த கிட்னியும் போயிட்டா உம்மா?"

"வாய மூடு மனே! கிட்னி வயித்துலடா இரிக்கி, கையிலயா இரிக்கி?"

அவனுக்குச் சொல்லிவிட்டேன். என் நெஞ்சுக்கு யார் சொல்வது?

கொழும்பு பஸ்ஸில் ஏறியதிலிருந்து அவன் கையை நான் விடவில்லை. மகியங்கனையில் தேத்தண்ணிக்கு நிறுத்தினார்கள். நான் இறங்கவில்லை. அப்போது விரல் நுனியில் ஏதோ கூசியது. மெல்லிசாக... ஒரு நுளம்பு காதோரம் இரைகிற மாதிரி.

டொக்டர் குழாயை வைத்துக் கேட்டார். நல்ல தமிழ்ப் பிள்ளை.

"கிட்னிக்கு ஒண்டுமில்லை அம்மா. நரம்பும் தப்பியிட்டுது. கயிறு இன்னும் கிடந்திருந்தால் இரத்தம் உறைஞ்சிருக்கும். ஆர் வெட்டினது?"

"நான்தான்!"

அடுத்த வார்ட்டுக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டுமே! ஒரு பிள்ளை கிட்னி கொடுத்தது, ஒரு பிள்ளை அதை வைத்துத் திரும்பத் தறியில் குந்திச் சாரம் நெய்கிறது. இந்த உம்மா சத்தம் போடாமல் வேறு யார் போடுவது?

இனி அந்தக் கையில் கயிறு, காப்பு, கைக்கடிகாரம் ஒன்றும் கூடாதாம். ஊசி போடுவதும் பிரஷர் பார்ப்பதும் மற்றக் கையில்தானாம். பாசமும் அப்படித்தான் பிள்ளைகளே, இறுக்கிக் கட்டினால் இரத்தம் ஓடாது.

ஆனால் மச்சியின் மனமும் நோகக்கூடாதே? எறிந்த இசிமைத் தேடி எடுத்து, புது நூல் கோத்து, ரஃபீக்கின் தறிக்காலில் கட்டிவிட்டேன். நன்றாக இறுக்கி!

தறிக்கு இதுவரை ஒரு நோயும் இல்லை — அல்ஹம்துலில்லாஹ்.