கொக்குக் குஞ்சுகள் விழுந்த காலை

முதல் குஞ்சு என் கார்மேல்தான் விழுந்தது. ஈரத்துணியை ஓங்கி அடித்தது போன்ற சத்தம். நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தபோது, புறநகர்ப் பகுதியான சேக்காட்டில் எங்கள் அடுக்ககத்து வாசலில் நின்ற தூங்குமூஞ்சி மரத்தின் பெரிய கிளையொன்று ரம்பத்தின் இரைச்சலோடு சாய்ந்துகொண்டிருந்தது. கிளை நிறையக் கொக்குக் கூடுகள். எச்சம் விழுந்து வண்டிகள் பாழாகின்றன, நாற்றம் தாங்கவில்லை என்று குடியிருப்போர் கூடிப் பேசி மரம் வெட்ட ஆளை வரவழைத்திருந்தார்கள்.

தரைத்தளத்தில் எங்கள் ஃபோர்மேன் குடியிருந்தார். ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் நான் அவருக்குக் கீழே வேலை பார்த்தவன். ஓய்வு பெறும்வரை பீரங்கி வண்டிகளுக்கு இரும்பு கடைந்த அந்த மனிதர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. இந்தக் கொக்குகளால் நமக்கு என்ன பயன் என்று யாராவது கேட்டால், "நம்மளால அதுகளுக்கு என்ன பயன்னு அதுங்க கேக்குதா?" என்பார்.

அன்று அவர் லுங்கியோடு ஓடிவந்து மரத்தடியில் நின்றுகொண்டார். "இன்னா பெர்சு, நவுரு. மண்டைல உயுந்துடும்" என்றார் மேலே இருந்த மரம் வெட்டுபவர். ஃபோர்மேன் அசையவில்லை. ரம்பம் நின்றது. ஆனால் விழுந்த குஞ்சுகள் சாலையெங்கும் கழுத்து ஒடிந்து துடித்துக்கொண்டிருந்தன. தெருநாய் ஒன்று ஒரு குஞ்சைக் கவ்வியது. நான் கல்லை எடுத்தேன். "விடுப்பா, அது பசிக்குத் தின்னுது" என்று ஃபோர்மேன் என் கையைப் பிடித்தார்.

ரம்பம் நின்றுபோன ஆத்திரத்தில் இருந்த இரண்டாம் மாடிக்காரர், உயிரோடிருந்த குஞ்சுகளை ஷூக் காலால் ஒவ்வொன்றாக நசுக்கத் தொடங்கினார். "சீக்கிரம் முடிச்சு வைக்கிறேன் சார்" என்று சிரித்தார். ஃபோர்மேன் குனிந்து ஒரு கட்டையை எடுத்தார். அவர் ஓங்கியதை நான் பார்க்கவில்லை. எலும்பு முறியும் சத்தம்தான் கேட்டது. மாடிக்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குஞ்சுகளின் ரத்தத்திலேயே சரிந்தார்.

பிறகு அங்கே கூடியிருந்த குடியிருப்போர் கூட்டம் ஃபோர்மேன்மேல் பாய்ந்தது. கட்டையைக் கீழே போட்டுவிட்டு, தடுக்கக் கைகூடத் தூக்காமல் அடி வாங்கினார். உதடு கிழிந்து தொங்கியது. நான் இழுத்து விலக்கியபோது, "முதல்ல அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க" என்றார்.

காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர், "கொக்குக்காக மனுஷன் காலை உடைப்பியாய்யா?" என்று கேட்டார்.

"கொக்கா, மனுஷனான்னு பாக்கலை சார். யார் காலுக்கடியில யார் கிடந்தாங்கன்னுதான் பாத்தேன். அடிச்சது நான்தான், எழுதிக்கங்க."

வழக்கு இன்னும் நடக்கிறது. மரம் துளிர்த்துவிட்டது, கொக்குகள் திரும்பவில்லை. அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் போயிருக்கலாம். மாடிக்காரர் இன்றும் சாய்ந்துதான் நடக்கிறார். அவர் லிஃப்டுக்காகக் காத்திருந்தால் ஃபோர்மேன் தலையைக் குனிந்துகொள்கிறார். அடித்ததற்கு வருந்துகிறீர்களா என்று போன வாரம் கேட்டேன்.

"அந்த மனுஷன் நடக்கிறதைப் பாத்தா எனக்கும் வலிக்குது" என்றார். லிஃப்ட் பக்கம் பார்த்துவிட்டு, "ஆனா அவர் மறுபடி காலைத் தூக்கினா, மறுபடி அடிச்சிருவேனோன்னு பயமா இருக்குப்பா" என்றார்.