அக்காவின் கைகளும் நம் வீட்டுப் பந்திகளும்

கண்டமங்கலத்தில் பிறந்த நாங்கள் ஐந்து பேர். அக்கா மூத்தவர், நான் நான்காவது. மிஞ்சியிருப்பவன் நான் ஒருவன் என்பதால், அக்காவின் முதலாண்டு நினைவு மலருக்கு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. அச்சகத்தார் ஒரு பக்கம்தான் தந்திருக்கிறார்கள். எதை விடுவது என்ற கவலையில் மூன்று முறை கிழித்து எழுதினேன்.

திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்ட அக்கா, மாமா இளவயதிலேயே காலமானதால், மல்லாட்டை உடைக்கும் கூலியில் பிள்ளைகள் இருவரையும் படிக்க வைத்தார். விதைக்கு வைக்கும் வேர்க்கடலைப் பருப்பு சிதையக் கூடாது என்று கையாலேயே உடைப்பார்கள். அறுபதைத் தாண்டியதும் கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்தது. பத்து விரல்களில் ஏழில் முடிச்சு விழுந்தது. வயதானால் வருவதுதானே என்று தைலம் வாங்கிக் கொடுத்ததோடு இருந்துவிட்டோம்.

விழுப்புரத்தில் கைப்பயிற்சி தரும் தெரபிஸ்ட் பெண்ணிடம் அக்காவின் மகன் அழைத்துப் போனபோது நானும் போனேன்.

"இனிமே வேலையே செய்யக் கூடாதாம்மா?" என்று அக்கா கேட்டார்.

"யாரு சொன்னது? சும்மா வச்சிருந்தா விரல் இறுகிப் போயிடும். செய்யுங்க, ஆனா புடிக்கிற விதத்த மாத்துங்க."

கட்டைவிரலுக்குப் பட்டை போட்டார்கள். சொம்பை இரண்டு உள்ளங்கைகளாலும் ஏந்தப் பழக்கினார்கள். சோற்றைப் பிசைந்து எடுக்க வலித்ததால், ஸ்பூன் காம்பில் துணி சுற்றித் தடிமனாக்கித் தந்தார்கள். சிந்தாமல் சாப்பிட்ட அன்று அக்கா சிரித்தார்: "கொழந்த மாதிரி ஊட்டி வுடுவாங்களோன்னு பயந்துக்கினு இருந்தேன்டா தம்பி."

அந்த ஸ்பூனோடுதான் கூட்டேரிப்பட்டில் நம் வீட்டுக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தார். உறவுப் பெண் ஒருத்தி எதிர் வரிசையிலிருந்து கேட்டாள்:

"இன்னா அத்தை, துரைசாணி மாதிரி ஸ்பூன்ல சாப்புட்டுக்கினு இருக்கீங்க?"

"கை வலிக்குதும்மா."

"அப்ப பாயசத்துக்கு ஃபோர்க் எடுத்தாரட்டுமா?"

வரிசையே சிரித்தது. அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அக்காவும் சிரித்தார். பாயசம் வருமுன் இலையை மூடினார்.

அதன் பிறகும் எல்லாக் கல்யாணங்களுக்கும் வந்தார். முன்வரிசையில் நின்று அட்சதை போட்டார். பந்திக்கு அழைத்தால் மட்டும், "ஆச்சுப்பா" என்பார். முதல் பந்தியில் இருந்தவர்கள் இரண்டாவதில் சாப்பிடுவார் என்று எண்ணினோம். இரண்டாவதில் இருந்தவர்கள் முதலிலேயே முடித்திருப்பார் என்று எண்ணினார்கள். கர்வம் என்று பேசியவர்களும் உண்டு. அது கர்வம் இல்லை என்பதை எழுதி வைக்கவே இந்தப் பக்கம்.

அக்கா காய்ச்சலில் படுத்திருந்தபோது, பக்கத்து வீட்டு அம்மா என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: "கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்து, சோறு இருக்குதான்னு கேக்குறவங்கள நான் இவங்க ஒருத்தரத்தாங்க பாத்தேன்."

அக்காவிடம் அதைப் பற்றிப் பேச நினைத்தேன். கண் விழிக்கட்டும் என்று காத்திருந்தேன். விழிக்கவில்லை.

இரவு பகல் பாராமல் கவனித்த மகனுக்கும் மருமகளுக்கும், பொறுமையோடு பயிற்சி தந்த தெரபிஸ்டுக்கும், துக்கத்தில் உடன் நின்ற உங்கள் அனைவருக்கும் நன்றி. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நாம் அத்தனை பேரும் இலை போட்டுச் சாப்பிட்ட நாட்களில், அக்காவுக்குச் சோறு போட்டவர் அவர்தான்.