மெற்றில்டாவுக்குக் கொண்டுபோன துண்டு

எனக்கு ஒரு நோவும் இருக்கவில்லை. காய்ச்சல் இல்லை, புண் இல்லை. வயிற்றில் பிள்ளையோடு போன மூன்றாம் மாதக் கிளினிக்கில் எடுத்த இரத்தத்தில்தான் நோய் இருந்தது. அப்படியொரு இரத்த முடிவுக் கடிதாசியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவளுக்காக இதை எழுதுகிறேன்.

வீ.டி.ஆர்.எல். (எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் செய்யும் இரத்தப் பரிசோதனை) சரியில்லை என்று சிலாபம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சிபிலிஸ் (உடலுறவால் தொற்றும் நோய்) என்றார் டொக்டர். மருந்து போடாவிட்டால் பிள்ளைக்கும் தொற்றும், வயிற்றிலேயே இறந்தும் போகலாம். முந்திய வருடம்தான் எனக்கு ஒரு கரு கலைந்திருந்தது.

காற்று மாறினால் எங்கள் ஆட்கள் படகுகளோடு முல்லைத்தீவுக்குப் போய்க் கடற்கரையில் வாடி (மீனவர் கொட்டில்) போட்டுத் தங்குவார்கள். சமைக்க வீட்டுப் பெண்களும் போவோம். கரு கலைந்த உடம்போடு அந்த முறை என்னால் போக முடியவில்லை. என் சிநேகிதி மெற்றில்டாவை அனுப்பினேன். புருஷனை இழந்தவள், சின்ன வயதிலிருந்தே என் கூட்டாளி. என் கணவர் அன்ரனின் சாப்பாடு கெடக்கூடாதென்று நானே அவளை பஸ் ஏற்றிவிட்டேன். என்னைப்போல மடைச்சி இருப்பாளா?

"ஆர்?" என்று அன்ரனிடம் கேட்டேன்.

"மெற்றில்டா" என்றார். "ஒருக்காத்தான்."

அன்ரனையும் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் தொடர்புத் துண்டு (தொற்றியிருக்கக்கூடியவரைச் சிகிச்சைக்கு அழைக்கும் சீட்டு) தந்தார். "அவவும் ஊசி போடோணும். இல்லாட்டி இவரால உங்களுக்குத் திரும்பவும் வரலாம்."

இனி அவளிடம் போகமாட்டேன் என்று அன்ரன் சத்தியம் செய்தார். துண்டைக் கொண்டுபோக மட்டும் வெட்கமாம். அந்தச் சத்தியத்தை நம்பி என் பிள்ளையின் உயிரைப் பணயம் வைப்பதா? நானே கொண்டுபோனேன்.

மெற்றில்டா கருவாடு பரப்பிக்கொண்டிருந்தாள். வாசித்துவிட்டு அழுதாள்.

"நீயே கொண்டந்து தாறியே."

"உனக்காக வரேல்ல. என்ர பிள்ளைக்காக வந்தனான்."

கிழமைக்கு (வாரத்துக்கு) ஒன்றாக மூன்று பெனிசிலின் ஊசி. மூவரும் ஒரே பஸ்ஸில் போனோம், வேறு வேறு சீட்டில். ஊசி போட்ட இடுப்பு இரண்டு நாள் கடுத்தது. அந்த நோவு பெரிதாகத் தெரியவில்லை.

மகள் சுகமாகப் பிறந்தாள். ஊசியைத் தள்ளிப்போடாதே, தங்கச்சி. கோபத்தைப் பிறகு பார்க்கலாம்.

இப்போது பருவம் முடிந்து அன்ரன் வந்தால் முதலில் இரத்தப் பரிசோதனை. ஒவ்வொரு முறையும் முடிவு நல்லதாகவே வருகிறது. ஆனால் தொற்றிய நோய் இரத்தத்தில் தெரிய மூன்று மாதம்வரை ஆகலாமாம். அந்தக் கடிதாசி சொல்வது மூன்று மாதத்துக்கு முந்திய அன்ரனைப் பற்றி. இன்று பக்கத்தில் படுத்திருப்பவரைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒரு கடிதாசியும் இல்லை.