ஐந்து அச்சும் ஒரு பொட்டும்

ஐந்து அச்சு சிஎன்சி மிஷினுக்கு ஐந்து கைகள் கிடையாது. இந்தத் தவறான நம்பிக்கை வரக்காப்பொலையிலிருந்து ஓப்பநாயக்க வரை பரவிக் கிடப்பதால், முதலில் இதைத் தீர்த்து வைப்பது என் கடமை. கணினி சொல்கிற அளவுக்கு உலோகத்தை வெட்டும் மிஷின் எத்தனை விதமாக அசைகிறதோ, அதற்கு அத்தனை அச்சு. இதே தொழிலில் அவதிப்படும் உங்களிடமும் யாராவது கைகளைக் காட்டச் சொல்லியிருப்பார்கள்.

மூன்று அச்சு

யட்டியாந்தோட்டைப் பக்கத்து டீ பேக்டரியில் தேயிலை பதப்படுத்துவதைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் செல்வராஜ் அண்ணன், ஒரு வெள்ளிக்கிழமை காலை உரப்பையோடு எங்கள் பட்டறைக்கு வந்தார். பைக்குள் உடைந்த சக்கரம். அடுப்புக்குக் காற்று ஊதும் ப்ளோவருக்குள் சுற்றுவது. அது இல்லாமல் அடுப்பு எரியாது, தேயிலை காயாது. பறித்த கொழுந்து முழுக்க வாட்டுகிற தட்டில் கிடக்கிறது. மறுநாள் காலை தாண்டினால் அழுகிவிடும். தோட்டத்து மேனேஜரான தொரைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் இவர்.

வாசலிலேயே சும்மா நின்ற மூன்று அச்சு மிஷினைக் காட்டி, இதில் போடலாமே என்றார். இது இடம் வலம், முன் பின், மேல் கீழ் மட்டும்தான் போகும், கத்தி மேலிருந்துதான் இறங்கும், உங்கள் சக்கரத்தின் இதழ்களோ முறுக்கிக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்று சாய்கின்றன, அடியில் கத்தி எட்டாது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப இதுவும் நம்ம தொரை மாதிரிதான் தம்பி. மேல இருந்து மட்டும்தான் பார்க்கும்."

நான்கு அச்சு

அடுத்த மிஷின், கடை வாசலில் கோழி சுடுகிற கம்பியைப் போல இரும்பைச் சுற்றிக் கொடுக்கும். பல்சக்கரம், தண்டு எல்லாம் கழற்றி மாட்டாமல் நாலு பக்கமும் வெட்டலாம். ஆனால் சாய்க்காது. ஏன் சாய்க்காது என்று தொடங்கியபோது எங்கள் முதலாளி ஹாஜியார் பின்னால் நின்றார்.

"பாடம் போதும் மகன். கொழுந்து வாடினா தேத்தண்ணி, அழுகினா உரம்."

ஐந்து அச்சு

இதில் மேசையே சாயும், சுழலவும் செய்யும். சில கம்பெனி மிஷின்களில் மேசைக்குப் பதில் கத்தியின் தலை சாயும். உடைந்த சக்கரத்தை அளந்து கணினியில் வரைந்து, அலுமினியக் கட்டியை மாட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்து ஓட்டினேன். வெட்டுவதற்கு முன் ஒரு மெல்லிய ஊசி கட்டியின் தலையைத் தொட்டு உயரம் அறியும். எதைத் தொட்டதோ அதையே உலோகம் என்று நம்பும்.

மாலையில் அளந்தால், எல்லா இதழ்களின் விளிம்பும் அரை மில்லிமீட்டர் கூடுதல் உயரம். மாட்டினால் மூடியில் உரசும். ப்ரோக்ராமைச் சந்தேகித்தேன், கத்தியைச் சந்தேகித்தேன், கடைசியாக என்னையும். அப்போதுதான் அண்ணன் தயங்கித் தயங்கிச் சொன்னார். நான் தேநீருக்குப் போன நேரத்தில், நெருப்புப் பக்கத்தில் ஓடப் போகிற சாமான் என்று, கோயில் சந்தனத்தைக் குழைத்துக் கட்டியின் தலையில் பொட்டு வைத்தாராம். ஊசி தொட்டது காய்ந்த பொட்டை. பிறகு வெட்டும்போது ஊற்றிய தண்ணீர் அதைக் கழுவிக்கொண்டு போய்விட்டது.

மறுபடி தொட்டுப் பார்த்து, அந்த அரை மில்லிமீட்டரைச் சீவினேன். உயரம் குறைந்து போயிருந்தால் புதுக் கட்டி வேண்டும். அந்த அளவில் எங்களிடம் வேறு கட்டி இல்லை. இதைச் சற்றுக் கடுமையாகவே சொன்னேன். அவர் சக்கரத்தை உரப்பையில் பத்திரமாகச் சுற்றினார்.

"சாமி கூட்டித்தானே வச்சிச்சு தம்பி, குறைக்கலையே."

சனிக்கிழமை காலை அடுப்பு எரிந்தது. பொட்டு வைப்பவர்கள் மிஷின் கதவில் மட்டும் வைக்கவும் என்று ஹாஜியார் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டிய பிறகு, அந்தக் கதவுக் கண்ணாடி வழியாக உள்ளே பார்ப்பது கொஞ்சம் சிரமமாக இருக்கிறது.