அக்கா அனுப்பாமல் விட்ட காலை வணக்கம்

அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வருகிறவர்கள் கையில் இந்த அஞ்சலி மலர் இருக்க வேண்டும், அதில் மாமா நாலு பக்கம் எழுத வேண்டும் என்று அக்கா மகள் கேட்டுக்கொண்டாள். குடும்பக் கல்யாணங்களில் மைக்கைப் பிடித்தால் விடாதவன் நான். இதற்கென்ன, ஒரு நாளில் முடித்துவிடலாம் என்று ஒப்புக்கொண்டேன். இரண்டு மாதமாயிற்று. எழுத உட்காரும்போதெல்லாம் ஒரு விஷயம் முன்னால் வந்து நிற்கிறது. அதை ஒதுக்கிவிட்டு மற்ற நல்லதையெல்லாம் எழுதினால் எழுதிய நல்லதும் பொய்யாகிவிடும். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்கா விழுந்த அன்று ஆறரை மணி நேரம் யாருக்கும் தெரியாமல் குளியலறைத் தரையில் கிடந்தார். அதற்கு நான் காரணம்.

இனி முறைப்படி. அக்கா பிறந்தது அம்பாசமுத்திரத்தில். எனக்கு ஒன்பது வயது மூத்தவர். இருபது வயதில் மத்திய அரசில் குமாஸ்தா வேலை கிடைத்து, ஒரு தகரப் பெட்டியோடு தில்லிக்கு ரயில் ஏறினார். மறு வருடம் அப்பா காலமானதும் அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டார். கோல் மார்க்கெட் பக்கத்தில் ஒரே அறையில் மூவர் இருந்தோம். என்னை மந்திர் மார்க்கில் தமிழ்ப் பள்ளியில் சேர்த்ததும், சேர்த்த முதல் வருடமே கணக்கில் நான் தோற்றபோது தலைமை ஆசிரியரைப் பார்த்து வந்ததும் அக்காதான். அம்மாவிடம் அவர் சொன்னது: "இவன் மேல தப்பில்லம்மா. கேள்வித்தாள்தான் ரொம்பக் கஷ்டம்."

பிறகு நான் அத்தானின் ஸ்கூட்டரைச் சுவரில் மோதியபோது, "அந்த ரோடே சரியில்ல" என்றார். என் முதல் வேலை போனபோது, அந்த முதலாளிக்கு ஆளைத் தெரியவில்லை என்றார். என் தப்பு ஒவ்வொன்றுக்கும் அக்கா வேறொரு குற்றவாளியைக் கண்டுபிடித்து வைத்திருப்பார். நானும் அதை நம்பியே அறுபத்தெட்டு வயதுவரை வந்துவிட்டேன்.

நேரில் நான் அக்காவை "நீ, வா, போ" என்றுதான் பேசுவேன். இங்கே "அவர்" என்று எழுதுகிறேன். அக்கா இதை வாசித்தால், "யாரைச் சொல்லுதான் இவன்?" என்று கேட்பார்.

கல்யாணமாகி கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பில் இருபத்தைந்து வருடம் இருந்தார்கள். ஓய்வுக்குப் பிறகு மயூர் விஹாரில் லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி. அத்தான் போன பிறகு அங்கே தனியாகவே இருந்தார். மகள் பெங்களூருக்கு எத்தனையோ முறை கூப்பிட்டும் போகவில்லை. நான் நகரத்தின் அடுத்த கோடியில், துவாரகாவில். என் மனைவி மறைந்த பிறகு நானும் தனிதான். இரண்டு கிழங்கள், நடுவே ஒரு முழு தில்லி.

குடும்பத்துக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. முப்பத்திரண்டு பேர். அதில் அக்கா தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு படம் போடுவார். ரோஜாப்பூ, உதயசூரியன், ஆவி பறக்கும் காபி, இல்லாவிட்டால் ஒரு பச்சைக்கிளி. மேலே "இனிய காலை வணக்கம்". அந்தக் கிளி வாரத்தில் மூன்று நாள் வரும். எனக்கு அது போதாதா? "கிளிக்குச் சளி பிடித்திருக்கிறது, மாத்திரை கொடு" என்று எழுதுவேன். சிரிக்கும் முகங்கள் ஏழெட்டு விழும். அவற்றை எண்ணிப் பார்த்து மகிழ்ந்த முட்டாள் நான். தீபாவளிக்கு மறுவாரம், என் ஃபிரிட்ஜில் வாடிக் கிடந்த கத்தரிக்காயைப் படமெடுத்து, "அக்காவுக்கு என் வாடிய வணக்கம்" என்று போட்டேன். அன்று பதினாறு முகங்கள். என் வாழ்நாள் சாதனை.

அன்று சாயங்காலம் அக்கா போன் செய்தார்.

"ஏலே, எல்லாருக்கும் தொந்தரவா இருக்கோ? நான் இனிமே அனுப்பல."

நான் ஒரு நொடி யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. "அப்பாடா! கிளிக்கு ரிட்டயர்மெண்ட் கொடுத்துட்டியா? பென்ஷன் உண்டா?" என்றேன். அக்காவும் சிரித்தார். சிரித்ததாகத்தான் எனக்குக் கேட்டது. மறுநாளிலிருந்து ஆறு மணிக்கு ஒன்றும் வரவில்லை. ஏன் என்று முப்பத்திரண்டு பேரில் ஒருவரும் கேட்கவில்லை.

ஜனவரி. பனிமூட்டம் எதிர்வீட்டை மறைத்திருந்த ஒரு செவ்வாய்க்கிழமை. சொதிக்குத் தேங்காய்ப்பால் எப்போது ஊற்ற வேண்டும் என்று கேட்கப் பத்தே முக்காலுக்கு அக்காவுக்குப் போன் செய்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் அடித்தேன். மூன்றாவது முறை எடுக்காதபோது அடுப்பை அணைத்துவிட்டேன். அக்காவின் பக்கத்து வீட்டு எண்ணைத் தேடினேன். என்னிடம் இல்லை. ஊரிலுள்ள எல்லா எலெக்ட்ரீஷியன் எண்ணும் வைத்திருக்கிற எனக்கு, அக்கா வீட்டுக் கீழே யார் இருக்கிறார்கள் என்பதுகூடச் சரியாகத் தெரியாது.

பெங்களூருக்கு அடித்தேன். "மீட்டிங்ல இருக்கேன் மாமா. அம்மா கோயிலுக்குப் போயிருப்பாங்க. டென்ஷன் மத் லோ, கவலைப்படாதீங்க" என்றாள் அக்கா மகள். கீழ் வீட்டு எண் அவளிடமும் இல்லை.

இரண்டு வேறு வேறு செருப்பைப் போட்டுக்கொண்டு மெட்ரோவுக்கு ஓடினேன். ஓடினேன் என்று சொல்வது மரியாதைக்கு. முழங்கால் அனுமதித்த அளவுக்கு நடந்தேன். துவாரகாவிலிருந்து மயூர் விஹாருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒவ்வொரு நிலையத்திலும் கதவு திறந்து, யாருமே ஏறாமல், ஆற அமர மூடியது. அடுத்த நிலையம், கதவுகள் இடப்பக்கம் திறக்கும், இடைவெளியைக் கவனியுங்கள் என்று குரல் சொல்லிக்கொண்டே வந்தது. அந்தக் குரலைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். எதிரே இருந்த பெண் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அக்கா காலையில் எதையாவது அனுப்பியிருக்கிறாரா என்று குழுவைத் திறந்து மேலே தள்ளினேன். நேற்று இல்லை. போன வாரம் இல்லை. பொங்கல் வாழ்த்துகள், யாரோ வாங்கிய கார், என் ஜோக்குகள், மேலும் என் ஜோக்குகள். தள்ளத் தள்ள அக்கா இல்லை. கடைசியில் கத்தரிக்காய் வந்தது. அதற்கு மேலே கிளி. ராஜீவ் சௌக் நிலையம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. அந்தக் கிளி இருந்திருந்தால், ஆறேகாலுக்கே நான் போன் செய்திருப்பேன். சந்தேகமே இல்லை. கேலி செய்ய ஆள் வரவில்லையே என்றாவது செய்திருப்பேன்.

மூன்றாம் மாடி ஏறும்போது மணி பன்னிரண்டே கால். அக்கா வீட்டு வாசலில் பால் பாக்கெட்டும் செய்தித்தாளும் கிடந்தன. மணியை அடித்தேன். கதவைத் தட்டினேன். கீழ் வீட்டுப் பஞ்சாபி அம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டே ஏறி வந்தார்.

"அரே பாய் சாப், பால் காலையிலேயே கிடந்தது. உங்க அக்கா உங்க வீட்டுக்குப் போயிட்டாங்கன்னு நினைச்சேன்" என்றார் ஹிந்தியில்.

"ஷ்ஷ்" என்றேன். உள்ளே, எங்கோ தூரத்தில், டக்... டக்... என்று பிளாஸ்டிக் சத்தம். தண்ணீர் மொள்ளும் மக்கால் வாளியைத் தட்டுகிற சத்தம். பத்து தட்டு, பிறகு நிறுத்தம். மீண்டும் ஏழெட்டு.

"அக்கா! நான்தான்! வந்துட்டேன்!"

சத்தம் நின்றுவிட்டது. அந்த மௌனத்தில் எனக்குப் போன உயிர் முழுதாக இன்னும் திரும்பவில்லை. பஞ்சாபி அம்மாள் மாடிப்படியில் குனிந்து காவலாளியைக் கூவினார். அவர் கடப்பாரையோடு வந்து உள்தாழ்ப்பாளைப் பெயர்ப்பதற்குள் எனக்கு இன்னொரு அறுபத்தெட்டு வயது கூடிவிட்டது.

அக்கா சுவரோரமாக ஒருக்களித்துக் கிடந்தார். உதடு நீலம். அந்த மக் இன்னும் கையில்தான் இருந்தது. என்னைப் பார்த்ததும், "கீசர ஆஃப் பண்ணுல. காலையில இருந்து எரியுது" என்றார்.

இடுப்பெலும்பு முறிவு. அறுவை சிகிச்சை நன்றாகவே நடந்தது. ஆனால் அத்தனை நேரம் குளிர்ந்த தரையில் கிடந்ததில் நுரையீரல் கெட்டிருந்தது. மருத்துவர்தான் சொன்னார். எத்தனை மணி நேரம் கிடந்தார் என்று அவர் கேட்டதற்கு, பெங்களூரிலிருந்து வந்திருந்த அக்கா மகள் பதில் சொன்னாள். ஏன் என்று அவரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரம் கழித்து ஒரு பிற்பகல், அறையில் நாங்கள் இருவர் மட்டும். நடைபாதையில் மூன்று முறை ஒத்திகை பார்த்துவிட்டு உள்ளே போனேன்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு. கேக்காம விடவா போற?"

"தினமும் அந்தப் படம் அனுப்பிட்டே இருந்திருந்தா, அன்னைக்கு வரலன்னதும் நான் உடனே போன் பண்ணியிருப்பேன்லா?"

"பின்ன? நான் எந்திரிச்சுட்டேன்னு சொல்லத்தானல அனுப்பினேன். உங்களுக்குப் பூ காட்டவா அனுப்பினேன்?"

"அப்ப, என்னாலதான்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். என்ன வரும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். தரை வழுக்கல், பனி, கொத்தனார் போட்ட டைல்ஸ், யாராவது ஒரு குற்றவாளி வருவான்.

"ஆமா. உன்னாலதான்" என்றார் அக்கா. பிறகு, "அந்தத் தண்ணிய எடு. நாக்கு வறளுது."

எடுத்துக் கொடுத்தேன். டம்ளரைப் பிடித்த என் விரல்மேல் தன் கையை வைத்துக்கொண்டு குடித்தார். பிறகு சொதிக்குத் தேங்காய்ப்பால் கடைசியில்தான் ஊற்ற வேண்டும் என்றார். அந்தப் பேச்சை அதற்குப் பின் இருவரும் எடுக்கவில்லை. இன்னும் ஏழு வாரம் இருந்தார். மார்ச் மாதத்தில், வெயில் சுகமாக ஏறத் தொடங்கிய நாளில், தூக்கத்திலேயே போய்விட்டார்.

இதுவரை எழுதியதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அக்கா மகளிடம் காட்ட வேண்டும் அல்லவா? தில்லியில் பிறந்த பிள்ளை. தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். அதனால் போனில் நானே வாசித்தேன். முடித்ததும், லைனில் இருக்கிறாளா என்று பார்த்தேன்.

"ஹலோ?"

"இருக்கேன் மாமா."

"உனக்குக் கோபம் இருந்தா திட்டிரும்மா. இல்ல, இதெல்லாம் வேண்டாம், வேற எழுதித் தாங்கன்னு சொன்னாலும் சரி."

"மாமா, அந்த குரூப்பை நான் மியூட் பண்ணி வெச்சிருந்தேன். ரெண்டு வருஷமா. அம்மா அனுப்பின ஒரு படத்தைக்கூட நான் திறந்ததே இல்ல." மூக்கை உறிஞ்சினாள். "அதையும் எழுதுங்க."

"வேண்டாம்மா. சொந்தக்காரங்க எல்லாம் வாசிப்பாங்க."

"வாசிக்கட்டும். அவங்க மட்டும் பார்த்தாங்களா என்ன?"

அவள் சொன்னபடி எழுதிவிட்டேன். அக்காவின் படங்களைத் தினமும் தவறாமல் திறந்து பார்த்த ஒரே ஆள், கேலிக்கு விஷயம் தேடிய நான்தான் என்று இப்போது தெரிகிறது.

நோகும் இடுப்போடு படியேறி வந்த கீழ் வீட்டு அம்மையாருக்கும், கதவை உடைத்த காவலாளிக்கும், அக்காவுக்குத் தலைவாரிப் பின்னிவிட்ட மலையாளச் செவிலியருக்கும், பனியிலும் வெயிலிலும் மருத்துவமனைக்கு வந்து உட்கார்ந்திருந்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. நினைவு நாளன்று வருகிற எல்லோருக்கும் சாப்பாடு உண்டு, காபி உண்டு. என்னைக் கட்டிப்பிடித்து அழுவதானாலும் தடையில்லை. "உன் மேல தப்பில்ல" என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். அக்கா அப்படிச் சொல்லவில்லை.