கழுகுப் பக்கம்

பிரித்துப்போட்ட கைக்கடிகாரம் ஒன்றை ஓரமாகத் தள்ளிவிட்டு, லுங்கி மடிப்பிலிருந்து ஒரு வெள்ளிக் காசை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறார் தங்கவேலு. வலக்கண்ணில் கடிகாரக்காரர்களின் கறுப்புக் குழல் கண்ணாடி செருகியிருக்கிறது. இடக்கண் சுருங்கிக் கிடக்கிறது. அந்தக் கைக்கடிகாரம் என்னுடையது. இரண்டு வாரமாக அவர் பலகையின்மேல் வயிற்றைத் திறந்துகொண்டு கிடக்கிறது. கேட்டால், "கெய்ஸா மஷிபூ" என்பார். அதனாலென்ன, பரவாயில்லை என்பதற்குப் பர்மியர்கள் சொல்லும் சொல் அது. மழை கொட்டினாலும், டிராம் தவறினாலும், வாடிக்கைக்காரர் கோபித்துக்கொண்டு போனாலும் தங்கவேலுவுக்கு அதே பதில்தான்.

மொகல் தெருவில், ஒரு ஜவுளிக்கடையின் மாடிப்படிக்கு அடியில் அவருடைய கடை. நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். அதனால் அவர் நிமிர்வதில்லை. இடுப்புக்குக் கீழே பர்மாக்காரர், மேலே மூடிய கழுத்துக் கோட்டுப் போட்ட மதராஸ்காரர். கலியாணம் செய்துகொள்ளவில்லை. ஆனால் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய வெள்ளைக்கார அம்மாள்களைக் குடிவைத்திருக்கிறார் என்று தெருவே கேலி பேசும்.

டப்பாவில் இருப்பவை அமெரிக்காவின் பழைய அரை டாலர்கள். நூறு வருஷத்துக்கு முந்தியவை. தேயிலைக்கும் பட்டுக்கும் விலையாகச் சீனத்துக்குப் போன வெள்ளி, கைமாறிக் கைமாறி இந்த ரங்கூனில் சீனத் தெரு அடகுக்கடைகளில் வந்து ஒதுங்குகிறது. அங்கிருந்து நகை செய்கிறவர்களின் உலைக்குப் போகும். உலைக்குப் போகுமுன் தங்கவேலு போய் நிற்பார். ஒரு பக்கம் குல்லாய் வைத்த ஓர் அம்மாளின் தலை, சுற்றிலும் நட்சத்திரங்கள், அடியில் வருஷம். மறு பக்கம் சிறகு விரித்த கழுகு.

ஒரே வருஷத்துக் காசு எதற்கு இத்தனை, ஒன்று போதாதா என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது, அன்றைக்கு என் ஆபீஸ் போச்சு. அந்தக் காலத்து அச்செல்லாம் கைவேலையாம். எஃகுத் துண்டில் அம்மாளின் தலையை இறக்கிய பிறகு, நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக, எண்களை ஒவ்வொன்றாகத் தட்டி இறக்குவார்களாம். தட்டுகிறவன் கை கொஞ்சம் சாய்ந்தால் நட்சத்திரமும் சாயும். அச்சு உடைந்து வேறு வெட்டினால் வேறு முகம். வருஷம் ஒன்றுதான், அம்மாள்கள் பல பேர்.

"இது கீறல் இல்லீங்கய்யா. கீறலுன்னா பள்ளமா இருக்கும். இது மேடா இருக்கு, நகத்தால தடவிப் பாருங்க. அச்சு விரிஞ்சுபோச்சு, விரிஞ்ச சந்துல வெள்ளி பூந்துக்கிச்சு" என்று ஒரு காசில் ஓடிய கோட்டின்மேல் என் விரலைப் பிடித்துத் தடவவைத்தார். அந்தக் காசுக்கு அவர் வைத்த பெயர் கீறல்காரி. கீறல் இல்லை என்று சாதித்துவிட்டுக் கீறல்காரி என்று பெயர் வைப்பது அவரால்தான் முடியும். நட்சத்திரம் மூக்கை இடிப்பதுபோல் நிற்பவள் மூக்குத்தி. வருஷ எண்ணில் வரும் இரண்டுக்கு அடி சுருண்டிருப்பவள் வாலுக்காரி. சீன வியாபாரிகள் வெள்ளியைச் சோதிக்க முத்திரை குத்திய ஒருத்திக்குக் கன்னத்தில் பள்ளம். அவள் அம்மைத் தழும்பு.

இந்தப் பைத்தியத்தை அவருக்கு ஒட்டவைத்தவர், அமெரிக்கச் சரக்குக் கப்பல் ஒன்றின் இஞ்சினீர். கடிகாரம் பழுதுபார்க்க வந்தவர், பலகையில் கிடந்த ஒரு காசைப் பார்த்துவிட்டுக் கதை சொல்லிவிட்டுப் போனார். அவர் கப்பலேறிவிட்டார், பைத்தியம் இங்கேயே தங்கிவிட்டது.

தங்கவேலுவுக்கு உறவென்று இருப்பது ஒரே தங்கை, தைலம்மாள். மிங்கலா தாங்ஞுன்டில் ரயில்வே லைன் வீட்டில் இருக்கிறாள். புருஷன் குழந்தைவேலு ரயில்வே பட்டறையில் பிட்டர். பல வருஷம் கழித்து அவளுக்கு ஒரு பெண் பிறந்தது. பவுனம்மாள் என்று பெயர் வைத்தார்கள். தாய்மாமன் வீட்டு வெள்ளி காலில் ஏறிய பிறகுதான் குழந்தை அடி எடுத்து வைக்க வேண்டும் என்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். கடையில் வாங்கிய வெள்ளி ஆகாது. மாமன் வீட்டில் இருந்ததாக இருக்க வேண்டும். தங்கவேலு வீட்டில் என்ன வெள்ளி இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும்.

டப்பாவைத் திறப்பதும் மூடுவதுமாகக் கொஞ்ச நாள் போயிற்று. கடைசியில் 1827ஆம் வருஷத்துக் காசுகளில் மூன்று, ஒரே முகமாக அகப்பட்டன. நட்சத்திரம், எண், அம்மாளின் மோவாய், எல்லாம் ஒன்று. கண்ணாடி வைத்துப் பார்த்தார், கழுவிப் பார்த்தார், வெயிலில் பார்த்தார். மூன்றும் ஒரே அச்சு. ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டை ரெங்கசாமி பத்தரிடம் கொடுத்தார். இரண்டு காசு, இரண்டு கால். தண்டை அழகாக வந்தது. அதைத் தானே கொண்டுபோய்க் குழந்தைக்குப் பூட்டிவிட்டு வந்த அன்றைக்குத் தெருவில் எல்லோருக்கும் சர்பத்து வாங்கிக் கொடுத்தார். எனக்கு இரண்டு கிளாஸ்.

அடுத்த வருஷம் அந்த இஞ்சினீரின் கப்பல் மறுபடி ரங்கூனுக்கு வந்தது. தங்கவேலு பெருமையாக டப்பாவைத் திறந்தார். நானும் அப்போது கடையில் இருந்தேன். துரை ஒவ்வொரு காசாக எடுத்து முகத்தைப் பார்த்தார். உடனே திருப்பிக் கழுகையும் பார்த்தார். அந்த 1827க்கு வந்ததும், இதே முகத்தில் வேறு கிடைக்கவில்லையா என்றார். தங்கவேலு விஷயத்தைச் சொன்னார். கழுகும் ஒன்றுதானா, பார்த்தாயா என்று துரை கேட்டார்.

காசுக்கு அச்சு இரண்டு. அம்மாளுக்கு ஒன்று, கழுகுக்கு ஒன்று. கழுகு அச்சு உடைந்தால் வேறு கழுகைக் கொண்டுவந்து அதே அம்மாளோடு சேர்த்து அடிப்பார்கள். ஒரே பெண், வேறு வேறு மாப்பிள்ளை என்று சிரித்தார் துரை. அந்தக் கழுகு அச்சு சீக்கிரமே உடைந்திருந்தால், அதில் அடித்த காசு உலகத்திலேயே கொஞ்சந்தான் இருக்கும். இத்தனை வருஷமும் நம் ஆள் அம்மாள்களின் முகத்திலேயே மயங்கிக் கிடந்தவர். கழுகு எல்லாம் கழுகுதானே என்று திருப்பிக்கூடப் பார்த்ததில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதுபோல் இப்போது எந்தக் காசு கைக்கு வந்தாலும் முதலில் கழுகுப் பக்கத்தைத்தான் பார்க்கிறார்.

"என்ன போச்சுன்னு தெரிஞ்சா ஒருநாள் அழுதுட்டு விட்ருவேன்யா. ஒண்ணுமே போகாமக்கூட இருக்கலாம். அதுவும் தெரியலையே" என்றார். அன்றைக்கு அவர் வாயில் கெய்ஸா மஷிபூ வரவில்லை.

இதோடு நின்றிருந்தால் எனக்கு எழுத வேலையில்லை. துரை கடையை விட்டு இறங்கினதும் தங்கவேலு நேரே தங்கை வீட்டுக்குப் போனார். பவுனம்மாள் அப்போதுதான் நடை பழகியிருந்தாள். மாமனைக் கண்டதும் தண்டை குலுங்க, கையை நீட்டிக்கொண்டு வந்தாளாம். வந்த குழந்தையைத் தூக்காமல், அவள் காலைப் பிடித்து நிறுத்தி, கண்ணில் கண்ணாடியைச் செருகிக்கொண்டு, தண்டையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்திருக்கிறார் இந்த மனிதர். உருக்கி வார்த்த வெள்ளியில் கழுகின் நகம் ஒட்டிக்கொண்டிருக்குமா? இருக்காது என்று அவருக்கும் தெரியும். பிடி இறுகிக் குழந்தை வீரிட்டு அழுதது. அப்போதும் அவர் விடவில்லை.

தைலம்மாள் அடுப்படியிலிருந்து வந்தாள். சண்டை போடவில்லை. குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, இரண்டு தண்டையையும் கழற்றி அண்ணன் உள்ளங்கையில் வைத்தாள்.

"கொடுத்த கை திரும்பிப் பாக்கக் கூடாதுண்ணே. நீ பாத்துட்டே. இனிமே இது எம்புள்ள கால்ல நிக்காது."

தாய்மாமன் சீரைத் திருப்பிக் கொடுப்பது நம்மவர்களிடம் சாதாரண விஷயமா? அந்த நிமிஷமே காலில் விழாத குறையாகத் திரும்பப் பூட்டியிருக்க வேண்டும். வாங்கி மடியில் முடிந்துகொண்டு வந்துவிட்டார். எனக்கு அவர்மேல் கோபந்தான் வந்தது. எப்படி ஐயா வாங்க மனசு வந்தது என்று கேட்டேன். வெகுநேரம் ஒரு பல்சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்த நேரத்துல எனக்குச் சந்தோஷமா இருந்துச்சுய்யா. அதைத்தான் யார்கிட்டயும் சொல்லிக்க முடியல" என்றார். அதற்குமேல் நான் கோபிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் போகவில்லை. அவளும் வரவில்லை. தண்டை இரண்டும் பிஸ்கட் டப்பாவில் அம்மாள்களோடு கிடந்தன. ஒரு வருஷம் ஓடிவிட்டது. கடையில் யாராவது குழந்தையோடு வந்தால், கடிகாரத்தை வாங்கிக்கொண்டு சீக்கிரம் அனுப்பிவிடுவார்.

போன வாரம் குழந்தைவேலு கடைப்பக்கம் வந்தார். உட்காரவில்லை. தை பிறந்ததும் பவுனம்மாளுக்குக் காது குத்தப்போவதாகவும், தாமுவேயில் இருக்கும் தைலம்மாளின் ஒன்றுவிட்ட அண்ணன் மடியில் உட்காரவைக்கலாம் என்று பேச்சு நடப்பதாகவும், டிராம் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். இன்னும் முடிவாகவில்லை என்று இரண்டு தரம் சொன்னார். தைலம்மாள் சொல்லி வந்தாரா, தாமாக வந்தாரா, தெரியவில்லை. சொந்த மாமன் இந்த ஊரிலேயே இருக்க, வேறு மடியில் குழந்தையை வைத்துக் காது குத்தினால் அந்த உறவு அன்றோடு முடிந்தது.

நேற்றுப் பட்டப்பகலில் தங்கவேலு கடையை அடைத்தார். கூட வரமுடியுமா என்று என்னைக் கேட்டார். ரெங்கசாமி பத்தரிடம் போனோம். தண்டையை எடுத்து வைத்து, பெரிதாக்க வேண்டும் என்றார். பத்தர் நிறுத்துப் பார்த்துவிட்டு, இந்த வெள்ளி போதாது, இன்னும் ரெண்டு காசு வேண்டும் என்றார். தங்கவேலு கைக்குட்டையை அவிழ்த்தார். உள்ளே கீறல்காரியும் மூக்குத்தியும் இருந்தார்கள். வாலுக்காரி இருக்கிறாளே, அம்மைத் தழும்பு இருக்கிறாளே என்று என் வாய்வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

பத்தருக்கு இவர் சங்கதி தெரியும். காசுகளை உருக்கும் மூசையில் போடாமல் அவரிடமே நீட்டி, "ஒருதரம் பாத்துக்குங்க" என்றார். பழக்கதோஷம், தங்கவேலுவின் கை கண்ணாடியை எடுத்துவிட்டது. கண்வரை போகவில்லை. கோட்டுப் பைக்குள் திரும்பிப் போய்விட்டது. பத்தரின் கைக்கு அடியில் தங்கவேலு தம் கையைக் கொடுத்து மூசையின் பக்கம் மெல்லத் தள்ளினார். கீறல்காரி விழுந்தாள், அவள்மேல் மூக்குத்தி விழுந்தாள். எந்தப் பக்கம் மேலே விழுந்தது என்று நான்தான் பார்த்தேன், அவர் பார்க்கவில்லை.

"அவ வாங்கிக்குவாளாய்யா?" என்று என்னைக் கேட்டார். எனக்கென்ன தெரியும்? வாங்கிக்கொள்ளட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

பத்தர் துருத்தியை எடுத்தார். ஊதுவதற்கு முன்னால், "இப்போ புள்ளை கால் எத்தாப் பெரிசு இருக்கும்?" என்று கேட்டார்.

தங்கவேலு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு வளையம் காட்டினார். பத்தர் அளவெடுக்க நூலை நீட்டுவதற்குள் அதைக் கொஞ்சம் அகட்டினார். பிறகு இன்னும் கொஞ்சம். பிறகு சுருக்கினார். பத்தர் நூலைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். தங்கவேலு அந்த வளையத்தை வலக்கண்ணுக்கு நேரே தூக்கி, இடக்கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அதன் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றார்.