வெருளி போட்டிருந்த கோட்டு

எங்கள் ஊர்க் குளிரைக் குளிர் என்று சொன்னால் பனி கொட்டும் நாட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கல்முனைக் கடலோரத்தில், தகரக் கொட்டிலில் ஒரு மார்கழி இருந்து பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும்.

கடல் ஊருக்குள் வந்து ஒரு வருடம் ஆகப்போகிற நேரம். அந்த வருடம் கச்சான் காற்று போக மனமில்லாமல் ஐப்பசி தாண்டியும் அனலாக அடித்தது. நிவாரண மூட்டைகளில் பனி நாட்டுக் கம்பளிக் கோட்டுகளும் வந்திருந்தன. முழங்காலுக்குக் கீழே இறங்கும் நீளம், பெரிய பெரிய பொத்தான்கள். வேர்வையில் ஊறிக்கிடந்த நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம். யாரோ ஒன்றை ஆட்டுக்குப் போட்டுவிட்டார்கள். எங்களுக்குக் கிடைத்ததை மச்சான், அதாவது என் தங்கையின் கணவர், வரிப்பத்தான்சேனை வயலுக்குக் கொண்டுபோய் குருவி விரட்ட நட்டிருந்த வெருளிக்கு மாட்டினார்.

"குருவி என்ன, யானையும் கிட்ட வராது மதினி" என்று சிரித்தார். அந்த வருடம் அவர் சிரித்து நான் பார்த்தது அது ஒன்றுதான்.

காரணம் ஊருக்கே தெரியும். கடல் வந்த காலையில் மூத்த பிள்ளை அவர் கையில்தான் இருந்தது. தண்ணீர் அடித்த அடியில் கை வழுக்கிவிட்டது. அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையையும் அவர் தூக்கவில்லை. கார்த்திகைக் கடைசியில் இரண்டாவது பிறந்தபோதுகூட, நான் ஏந்தி நிற்க, குனிந்துதான் காதில் பாங்கு சொன்னார். தங்கை ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத்தான் ஆத்திரம். பிள்ளை அழுதால் பக்கத்தில் இருந்துகொண்டே "மதினி, மதினி" என்று என்னைக் கூப்பிடுகிற மனிதரை என்ன செய்வது?

பிள்ளை பெற்ற நாற்பது நாள் கழியுமுன் வாடை இறங்கியது. மழையும் காற்றும் சேர்ந்து வந்தன. வெயிலைக் காணவே இல்லை. கூரைத் தகரம் உள்பக்கம் வேர்த்துப் பாயில் சொட்டியது. துவைத்த சீலை ஒன்றும் காயவில்லை. மச்சான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய் வெருளியின் கோட்டைக் கழற்றி வந்தார். நனைந்து கல்லாகக் கனத்தது. உமி நெருப்பில் காயவைத்தேன். கொட்டில் முழுக்க நனைந்த ஆட்டு நாற்றம்.

அது ஒருவழியாகக் காய்ந்த காலையில் பிள்ளையின் பாதம் நீலம் பாரித்திருந்தது. பாலும் குடிக்கவில்லை. தங்கையோ காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு கிடந்தாள். எனக்குப் பொல்லாத இருமல். ஓடிப்போய் மருத்துவமாதைக் கூட்டி வந்தேன். என் இருமலைக் கேட்டு அவர் என்னைப் பிள்ளைக்குக் கிட்டவே விடவில்லை.

"போத்தினா மட்டும் காணா. உடம்புச் சூடு வேணும்" என்றவர் மச்சானைப் பார்த்தார். "வாப்பாதானே? சேட்டக் கழட்டிப்போட்டு நெஞ்சோட வைங்க."

மச்சான் கதவுவரை பின்வாங்கினார். "எனக்கு ஏலா மிஸ். என்ட கை சரியில்ல."

மருத்துவமாதுக்கு விளங்கவில்லை. எங்களுக்கு விளங்கியது.

தங்கை பாயைவிட்டு எழுந்தாள். அவருடைய சட்டையைக் கழற்றிக் கோட்டை மாட்டினாள். பிள்ளையை அவர் நெஞ்சில் வைத்து, கீழிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் பூட்டி, இடுப்பில் நான் கழற்றிக் கொடுத்த முந்தானைத் துண்டால் இறுக்கிக் கட்டினாள். அவர் இரண்டு கையாலும் கோட்டை அழுத்திப் பிடித்திருந்தார்.

"இப்ப கைய எடுங்க."

அவர் எடுக்கவில்லை.

"எடுங்க. விழாது."

எடுத்தார். இரண்டு கையும் அந்தரத்தில் நின்றன. பிள்ளை விழவில்லை. மனிதர் சத்தமில்லாமல் அழுதார், நானும்தான்.

நடுப்பகல் லுஹர் பாங்கு சொல்லும்போது கோட்டுக்குள்ளிருந்து பிள்ளை பாலுக்குக் கத்தியது. மருத்துவமாது உள்ளே கையை விட்டுப் பாதத்தைத் தொட்டுப் பார்த்து, "சூடு வந்திரிச்சி" என்றார். தங்கை கோட்டின் மேல்பொத்தானில் கை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"கழட்டு" என்றார் அவர். "நான் புடிச்சிரிக்கன்."